கண்டனமும் கண்ணியமும்

பொருளாதாரத் தடைக் காலத்திலே யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகள் பள்ளிக்கூடக் கொப்பித் தாளிலும் அச்சாகின என்பதை இன்றைய இளைஞர் நம்ப மாட்டார்கள். பக்கங்கள் குறைந்தன, ஆனால் வாசகர் கடிதங்கள் குறையவில்லை. 1993இல் அக்கடிதங்களைத் தெரிந்து திருத்தும் பொறுப்பு உதவி ஆசிரியனாகிய என்னிடம் இருந்தது. எமது அலுவலகத்தின் விதிகள் இரண்டே. புனைபெயரில் எழுதலாம், ஆனால் உண்மைப் பெயரும் விலாசமும் எமக்குத் தெரிந்திருக்க வேண்டும். கருத்தைத் தாக்கலாம், ஆளைத் தாக்கலாகாது. இவற்றில் முதலாவதை நானே ஒரு நாள் மீறினேன். அதைப் பின்னர் சொல்கிறேன்.

இந்த விதிகள் நேற்று முளைத்தவை அல்ல. 1841 சனவரியில் அமெரிக்க மிஷனார் தொடங்கிய ‘உதயதாரகை’ ஆங்கிலமும் தமிழுமாக மாதம் இருமுறை வெளிவந்தது. ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்ற அமெரிக்கப் பெயர்களைக் கண்டு மயங்க வேண்டாம். அதன் முதல் ஆசிரியர்களாகிய இருவரும் நம்மவரே. கிறிஸ்தவத்தைப் பரப்புவதற்காக எழுந்த ஏடு சைவர்களின் கடிதங்களுக்கும் இடம் கொடுத்தது. எதிராளிக்குத் தன் வீட்டுத் திண்ணையிலே பாய் விரித்துக் கொடுப்பது போன்ற செயல் அது. மிஷனாரின் மற்றக் காரியங்கள் எல்லாவற்றையும் நான் மெச்சுபவன் அல்லன். இதை மெச்சாதிருக்க முடியவில்லை.

அதே காலத்தில் நல்லூர் ஆறுமுக நாவலர் பீற்றர் பார்சிவல் பாதிரியாரோடு ஒரே மேசையில் இருந்து விவிலியத்தைத் தமிழாக்க உதவிக்கொண்டிருந்தார். நெற்றியில் திருநீறு அழியவில்லை. பணியிலும் குறை வைக்கவில்லை. 1848இல் அவரை விட்டு நீங்கி, வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடக்கினார். 1854இல் வெளியிட்ட ‘சைவதூஷண பரிகாரம்’ பாதிரிமாரின் வேதத்தைக் கொண்டே பாதிரிமாருக்குக் கூறிய விடை. நீங்கள் பழிக்கும் கிரியைகள் உங்கள் பழைய ஏற்பாட்டிலும் உள்ளனவே என்பது அதன் போக்கு. எதிராளியின் நூலை அவரிலும் நன்றாகக் கற்றவனாலேயே இவ்வாறு எழுத இயலும்.

அத்தகையவரே 1869இல் ‘போலியருட்பா மறுப்பு’ வெளியிட்டார் என்பதுதான் நம் வரலாற்றின் வருத்தத்துக்குரிய பக்கம். 1867இல் வடலூர் இராமலிங்க அடிகளின் பாடல்கள் ‘திருவருட்பா’ என்ற பெயரோடு, திருமுறைகளாக வகுக்கப்பட்டு அச்சேறின. தேவார திருவாசகங்களுக்கு மாத்திரம் உரிய பெயரைச் சமகாலத்தவர் ஒருவரின் பாடல்களுக்குச் சூட்டலாமா? நாவலரின் இந்தக் கேள்வி நியாயமான கேள்வி, அமைதியாக விவாதித்திருக்கலாம். ஆனால் வாதம் பாடலை விட்டுப் பாடியவர்மேல் தாவியது. மறுதரப்பும் சளைக்கவில்லை. மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை வழக்குச் சென்றது. அங்கு நடந்ததுபற்றி இரு சாராரும் இருவேறு கதைகள் சொல்வர். அடிகளார் உள்ளே வந்தபோது நாவலரே எழுந்து நின்றார் என்பது அவற்றுள் ஒன்று. நாவலர் பக்தர்கள் அதை ஒப்புவதில்லை. எனக்கென்னவோ, அந்தக் கதை உண்மையாயின் நாவலருக்கும் அது பெருமையே என்றுதான் தோன்றும்.

நாவலர் நன்னூலுக்குக் காண்டிகையுரை கண்டவர் என்பதை இவ்விடத்தில் நினைக்காதிருக்க முடியாது. நன்னூலின் பாயிரம் நூலாசிரியனுக்கு ஏழு மதங்களை வகுக்கிறது. மதம் என்றால் இங்கு கொள்கை. பிறர் கருத்துக்கு உடன்படுதல், மறுத்தல், முதலில் ஏற்றுப் பின் களைதல், தன் கருத்தை நாட்டி நிறுத்துதல், இருவர் மாறுபட்டால் ஒன்றைத் துணிதல், பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுதல், பிறரோடு சேராது தன் கொள்கையையே கொள்ளுதல். பட்டியல் உடன்படுதலில் தொடங்குகிறது. குற்றம் காட்டலாம் என்றும் சொல்கிறது. ஆனால் அது நூலின் குற்றம், நூல் எழுதியவனின் குற்றம் அன்று. இதைவிடத் தெளிவான விதியை எந்தப் பத்திரிகை அலுவலகச் சுவரிலும் நான் கண்டதில்லை.

நாவலரும் அடிகளும் மறைந்த பின்னரும் இச்சண்டை ஓயவில்லை. 1904ஆம் ஆண்டளவில் புலோலி நா. கதிரைவேற்பிள்ளை சென்னையிலே மருட்பாக் கட்சிக்குத் தலைமை தாங்கினார். மறுபுறம் மறைமலையடிகளும் செய்குத்தம்பிப் பாவலரும் நின்றனர். மீண்டும் நீதிமன்றம். கதிரைவேற்பிள்ளையின் மாணவர் ஒருவர் ஆசிரியருக்காகச் சாட்சி சொல்லப் போனதால் இறுதிப் பரீட்சை எழுத முடியவில்லை. பள்ளிப் படிப்பு அத்தோடு முடிந்தது. அந்த மாணவர்தான் திரு.வி.க. பெரியவர்களின் வசைப்போருக்கு ஒரு பிள்ளை கொடுத்த விலை அது. ஆசிரியர் 1907இல் மறைய, அடுத்த ஆண்டே அவருடைய சரித்திரத்தை எழுதினார். பின்னாளில் இராமலிங்க சுவாமிகளைப் போற்றியும் நூல் செய்தார். குருவையும் விடாமல், குரு பழித்தவரையும் வெறுக்காமல் இருக்க அவருக்கு இயன்றது.

நமது தலைமுறைக்கு அண்மையிலும் இக்கதை உண்டு. ‘இழிசனர் வழக்கு’ என்று பேச்சுமொழி இலக்கியத்தை மரபுவாதிகள் பழித்தபோது முற்போக்கு எழுத்தாளர் கொதித்தெழுந்தனர். கொதிப்பு நியாயமானதே, ஏனெனில் அச்சொல் மொழியை மட்டும் குறிக்கவில்லை, சாதியையும் குறித்தது. ஆயினும் 1963இல் யாழ்ப்பாணத்துச் சாகித்திய விழாவிலே கூழ்முட்டை பறந்த பின்னர், பலரும் முட்டையைப் பற்றியே பேசினார்கள்.

இனி என் கதை. ஒரு கிராமத்து வாசிகசாலையின் முன்னாள் செயலாளர் கட்டட நிதிக்குக் கணக்குக் காட்டவில்லை என்று ‘உண்மை விரும்பி’ என்பவர் எழுதியிருந்தார். விலாசம் இல்லை. கடிதம் சுவையாக இருந்தது, பக்கம் நிரம்பவில்லை, போட்டுவிட்டேன். மூன்றாம் நாள் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். என்னைவிட முப்பது வயது மூத்தவர், “தம்பி, இதை நீங்கள் ஒருக்காப் பாருங்கோ” என்று மட்டும் சொல்லி, சீமெந்துப் பற்றுச்சீட்டு முதல் மேசன் கூலி வரை நூலால் கட்டிய ஒரு கட்டை என்முன் வைத்தார். எல்லாம் சரியாக இருந்தன.

மறுநாள் திருத்தம் வெளியிட்டேன். தாள் தட்டுப்பாடு, இரண்டு வரிக்குத்தான் இடம் கிடைத்தது. கடிதம் இருபத்தெட்டு வரி. பல மாதங்களின் பின் அவ்வூருக்குச் செய்தி சேகரிக்கப் போனபோது வாசிகசாலைக்குள் நுழைந்து அவரை விசாரித்தேன். “வாத்தியார் இப்ப இஞ்சாலை வாறேல்லை” என்றான் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த ஒரு பெடியன்.