மாமன் என்னும் பெயர்

தைப்பூசத்தன்று ஸ்ரீரங்கம் கோயிலிலிருந்து கொள்ளிடக் கரைக்குச் சீர்வரிசை போகும். வாங்கிக்கொள்பவள் சமயபுரத்து மாரியம்மன். அரங்கன் அவளுக்கு அண்ணன். கூடப்பிறந்தவளுக்குச் சீர் செய்கிறவன் அவள் பிள்ளைகளுக்குத் தாய்மாமன். குழந்தையை மடியில் வைத்துக் காது குத்துவதும், பெண் வயதுக்கு வந்தால் ஓலை கட்டுவதும் அவன் பொறுப்பு.

ஸ்ரீரங்கத்து வைணவ வீடுகளில் அவர் 'அம்மான்'. அவர் மகன் அம்மாஞ்சி. அம்மான் சேய் என்பது மருவி அப்படி ஆயிற்று என்பார்கள். ஆழ்வார் பாசுரங்களில் அம்மான் என்றால் பெருமாள், எல்லோருக்கும் தலைவன். திருப்பாவையின் 9ஆம் பாசுரத்தில் ஆண்டாள் உறங்கும் தோழியை மாமன் மகளாகவே விளிக்கிறாள், தோழியின் தாயையும் மாமி என்கிறாள். காப்பவன், பெரியவன், நெருங்கியவன் என்ற பொருள்களெல்லாம் இந்த ஓர் உறவில் சேர்ந்திருக்கின்றன.

அக்காள் மகளைக் கட்டும் வழக்கத்தால் மாமன் கணவனாகவும் ஆனான். இன்றும் கணவனை 'மாமா' என்று கூப்பிடும் வீடுகள் எத்தனையோ. 'முறைமாமன்' என்னும்போது பொறுப்பு பின்னுக்குப் போய் உரிமை முன்னே வந்து நிற்கிறது. எனக்கு இந்தத் திரிபுதான் உறுத்துகிறது.

1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் மாமன்–மருமகள் மணத்தைத் தடைசெய்துவிட்டு, வழக்கம் இருந்தால் செல்லும் என்று விலக்கும் கொடுத்தது. வயது விஷயம் வேறு. 1860இன் தண்டனைச் சட்டத்தில் உடலுறவுக்குப் பெண்ணின் இசைவு வயது 10. 1891இல் 12, 1925இல் 14, 1940இல் 16. 2012இல் வந்த போக்சோ சட்டம் அதை 18 ஆக்கியது. இதில் வழக்கத்துக்கு இடமே இல்லை. மேலும், குற்றவாளி சிறுமியின் உறவினராக இருந்தால் 5ஆம் பிரிவின்படி அது கடுங்குற்றம். ஊர் உரிமை என்று கொடுத்ததைச் சட்டம் குற்றத்தின் கனமாக எடுத்துக்கொண்டது. அதுதான் சரி. யார் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டாளோ, அவரிடம் 14 வயதுப் பெண் எப்படி மாட்டேன் என்பாள்?

ஊர் வழக்கமும் சட்டமும் ஒரு வழக்கில் நேருக்கு நேர் மோதின. மருமகளான சிறுமியிடம் செய்த போக்சோ குற்றத்துக்காகத் திருப்பூர் விரைவு மகளிர் நீதிமன்றம் 2018இல் ஒரு தாய்மாமனுக்கு 10 ஆண்டு கடுங்காவல் விதித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2019இல் அதை உறுதிசெய்தது. மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்துக்கு வருவதற்குள் அவளுக்கு அவரோடு திருமணமாகி இரண்டு குழந்தைகள். தண்டனையிலிருந்து தப்பவே இந்தத் திருமணம் என்றது அரசு. 2022 மே மாதம் நீதிபதிகள் எல். நாகேஸ்வர ராவ், பி.ஆர். கவாய் அமர்வு, தாய்மாமனை மணக்கும் தமிழ்நாட்டு வழக்கத்தையும் குறிப்பிட்டுத் தண்டனையை ரத்து செய்தது. அவளைச் சரிவரக் கவனிக்காவிட்டால் அவளோ அரசோ உத்தரவை மாற்றக் கேட்கலாம் என்று சேர்த்து எழுதியது. கட்டிய பிறகாவது பார்த்துக்கொள்ளச் சொன்ன அந்த வரியில் பழைய மாமன் கொஞ்சம் தெரிகிறான்.

இதை முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது என்றும் அந்தத் தீர்ப்பே சொல்லிவிட்டது. ஆகவே நாளை திருச்சி மகளிர் நீதிமன்றத்தில் தண்டனை பெற்று, மதுரைக் கிளைக்கு மேல்முறையீடு போகிற ஒருவர், "நான் முறைமாமன்" என்று அந்தத் தீர்ப்பைத் துணைக்கு அழைக்க முடியாது.