ஒபரா ஹவுஸுக்குப் பணம் வந்த வழி

சிட்னி ஒபரா ஹவுஸ் என்றதும் பேச்சு நேராகக் கூரைக்குப் போய்விடும். அது பாய்மரமா, சிப்பியா, உரித்த ஆரஞ்சுச் சுளையா என்று தொடங்கி, அதை வரைந்த டென்மார்க்காரர் யோர்ன் உட்ஸன் பாதி வேலையில் ஊரைவிட்டே போனதில் வந்து முடியும். அவரைப் பற்றிப் புத்தகங்கள் உண்டு, படங்கள் உண்டு, ஒரு ஒபராவே உண்டு. அந்தக் கூரைக்கான காசு எங்கிருந்து வந்தது என்பது தனிக்கதை. அதன் நாயகன் ரயில்வே பட்டறையிலிருந்து வந்த ஒரு ஃபிட்டர்.

அவர் பெயர் ஜான் ஜோசப் கேஹில். ஊருக்கு ஜோ கேஹில். 1891-இல் சிட்னியின் ரெட்ஃபெர்ன் பகுதியில், ஐரிஷ் வம்சாவளிக் கத்தோலிக்கத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தார். பக்கத்திலேயே ஈவ்லி ரயில்வே பட்டறை. ரெட்ஃபெர்ன் பையன்களில் பலருக்கு அதுதான் பள்ளிக்கு அடுத்த படி. கேஹிலும் அங்கே வேலை பழகி ஃபிட்டர் ஆனார். 1917-இல், ஒவ்வொரு ஆளும் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் எடுக்கிறான் என்று அட்டையில் குறிக்கும் புதிய முறையை ரயில்வே நிர்வாகம் கொண்டுவந்தது. பட்டறை கொதித்தது. வேலைநிறுத்தம் மாநிலம் முழுக்கப் பரவி, கடைசியில் தோற்றது. கேஹிலுக்கு வேலை போனது. பணிப்பதிவேட்டில் 'கிளர்ச்சிக்காரர்' என்று அவர் பெயருக்கு எதிரே எழுதிவைத்தார்கள். அதே வேலைநிறுத்தத்தில் இறங்கி அடிபட்ட இன்னொரு ரயில்காரர் பென் சிஃப்லி. அவர் பின்னாளில் நாட்டுக்கே பிரதமரானார். தண்டித்த அதிகாரிகள் தங்களையறியாமல் நல்ல அரசியல் பயிற்சிதான் கொடுத்திருக்கிறார்கள்.

1925-இல் கேஹில் நியூ சவுத் வேல்ஸ் சட்டமன்றத்துக்குத் தொழிற்கட்சி சார்பில் போனார். 1932-இல் முதல்வர் ஜாக் லாங்கின் ஆட்சியை ஆளுநர் கலைத்தபோது வந்த தேர்தலில் தோற்று, 1935-இல் திரும்பினார். பிறகு பொதுப்பணி அமைச்சர், உள்ளாட்சி அமைச்சர், துணை முதல்வர் என்று படிப்படியாக ஏறி, 1952 ஏப்ரலில் முதல்வரானபோது அவருக்கு வயது 61. மேடையில் முழங்கும் ஆள் கிடையாது. எதிரியையும் தோளில் கைபோட்டுப் பேசிச் சரிக்கட்டுகிறவர். கட்சிக்குள் உடைப்பு வந்து விக்டோரியாவிலும் குவீன்ஸ்லாந்திலும் தொழிற்கட்சி ஆட்சி இழந்த காலத்தில் நியூ சவுத் வேல்ஸில் அது தப்பியதற்கு அந்தக் குணமும் ஒரு காரணம்.

இந்த மனிதருக்கும் ஒபராவுக்கும் என்ன சம்பந்தம்? ரசனையில் ஒன்றுமில்லை. சம்பந்தத்தை உண்டாக்கியவர் யூஜின் கூசன்ஸ். 1947-இல் சிட்னி சிம்பொனி இசைக்குழுவை நடத்த வந்த ஆங்கிலேயர். மாநில இசைக்கல்லூரிக்கும் அவரே இயக்குநர். அவருடைய குழு வாசித்தது டவுன் ஹாலில். ஒபரா போட ஒழுங்கான இடமே நகரத்தில் இல்லை. துறைமுகத்துக்குள் மூக்கு நீட்டிக்கொண்டிருந்த பென்னலாங் முனையைக் கூசன்ஸ் பார்த்தார். 1790-இல் ஆளுநர் பிலிப் பூர்வகுடி மனிதர் பென்னலாங்குக்குக் குடிசை கட்டிக் கொடுத்த இடம் அது. கூசன்ஸ் வந்த காலத்தில் அங்கே கோட்டை மாதிரி மதில் வைத்துக் கட்டிய ஒரு டிராம் டிப்போ நின்றது. அந்த இடத்தில்தான் ஒபரா மண்டபம் வரவேண்டும் என்று அவர் பார்ப்பவரிடமெல்லாம் சொன்னார். பல அரசியல்வாதிகள் கேட்டுக்கொண்டு தலையாட்டினார்கள். கேஹில் ஒருவர்தான் காரியத்தில் இறங்கினார்.

1954 நவம்பர் 30 அன்று பொது நூலகத்தில் ஒரு மாநாடு கூட்டினார். அதற்குப் பதினேழு நாள் முன்னால் அதே அரசாங்கம் இன்னொரு விஷயத்தை மக்கள் வாக்கெடுப்புக்கு விட்டிருந்தது: மதுக்கடைகளை மாலை ஆறு மணிக்கே மூடுவதா, இரவு பத்து வரை விடுவதா? பத்து மணி மயிரிழையில் ஜெயித்தது. 1956-இல் கிளப்புகளில் காசு போட்டு ஆடும் போக்கர் எந்திரங்களைச் சட்டபூர்வமாக்கியதும் கேஹில் ஆட்சிதான். சாராயம், சூதாட்டம், ஒபரா என்று மூன்றையும் ஓர் அரசாங்கம் மூன்றாண்டுக்குள் கையிலெடுத்தது வேடிக்கையாகத் தெரியலாம். கேஹிலின் கண்ணோட்டத்தில் மூன்றும் ஒரே கணக்கு என்றுதான் எனக்குப் படுகிறது. வேலை முடிந்து வருகிறவனுக்கு இரவில் போக ஓர் இடம் வேண்டும். பணக்காரர்களுக்கு அது ஏற்கெனவே இருந்தது.

மாநாட்டிலிருந்து ஒரு குழு பிறந்தது. 1955 மே மாதம் பென்னலாங் முனை முடிவானது. உலகளாவிய வடிவமைப்புப் போட்டிக்கு 233 திட்டங்கள் வந்தன. போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே கனவைத் தொடங்கிவைத்தவர் காட்சியை விட்டுப் போனார். 1956 மார்ச்சில் வெளிநாட்டிலிருந்து திரும்பிய கூசன்ஸின் பெட்டியைச் சுங்க அதிகாரிகள் சோதித்தார்கள். அன்றைய சட்டம் தடைசெய்திருந்த ஆபாசப் படங்கள் அகப்பட்டன. நூறு பவுண்டு அபராதம், பதவி விலகல், சத்தமில்லாமல் விமானம். மண்டபத்தைப் பார்க்காமலே 1962-இல் இறந்தார்.

1957 ஜனவரி 29 அன்று கலைக்கூடத்தில் கேஹில் முடிவை அறிவித்தார். 38 வயது உட்ஸன் முதலிடம். நிராகரித்த கட்டிலிருந்து அந்த வரைபடத்தை நடுவர் ஈரோ சாரினென் உருவி எடுத்தார் என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, எவ்வளவு உண்மை என்பதில் எழுதியவர்கள் ஒத்துப்போவதில்லை. வரைபடம் கோட்டுச் சித்திரம் போல எளிமையாக இருந்ததை நடுவர்களே ஒப்புக்கொண்டார்கள். செலவு 35 லட்சம் பவுண்டு என்று மதிப்பிட்டார்கள். வந்த திட்டங்களில் இதுதான் சிக்கனமானது என்றும் சொன்னார்கள்! அந்த வாக்கியத்தை எழுதியவர் பிறகு எத்தனை முறை நினைத்துப் பார்த்திருப்பாரோ.

35 லட்சம் பவுண்டு எங்கே? எதிர்க்கட்சி மட்டும் கேட்கவில்லை, கேஹிலின் சொந்தக் கட்சி எம்.எல்.ஏ.க்களே கேட்டார்கள். போருக்குப் பிந்தைய வீட்டுப் பஞ்சம் தீரவில்லை. ஆஸ்பத்திரிகளில் படுக்கை போதவில்லை, பள்ளிகளில் தகரக் கொட்டகை வகுப்புகள். ஒபரா பார்க்கிறவன் நமக்கு ஓட்டுப் போடுகிறவனா என்ற கேள்வி, வாய்விட்டுக் கேட்டாலும் கேட்காவிட்டாலும், எல்லோர் மனதிலும் இருந்தது. கேஹில் கட்சிக் கூட்டத்தில் பேசிப் பேசி அதைக் கடந்தார். ஆனால் வரிப்பணத்தில் கைவைத்தால் திட்டம் அன்றே செத்துவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

முதலில் பெரிய மனிதர்களிடம் போனார்கள். 1957 ஆகஸ்ட் 7 அன்று டவுன் ஹாலில் நன்கொடை வசூல் தொடங்கியது. மொத்தத்தில் சேர்ந்தது ஏறத்தாழ நாலரை லட்சம் பவுண்டு. அன்றைய மதிப்பீட்டிலேயே எட்டில் ஒரு பங்கு. ஒபரா வேண்டும் என்று கேட்ட வர்க்கத்தின் பை அவ்வளவுதான் திறந்தது.

கேஹில் அடுத்த பைக்குப் போனார். அது அவருக்கு நன்றாகத் தெரிந்த பை. நியூ சவுத் வேல்ஸில் அரசு லாட்டரியைத் தொடங்கியது 1931-இல் ஜாக் லாங் ஆட்சி. உலகப் பொருளாதார வீழ்ச்சியில் ஆஸ்பத்திரிகளை நடத்தக் காசில்லாமல் கண்டுபிடித்த வழி. அப்போது கேஹில் லாங்கின் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த எம்.எல்.ஏ. சூதாட்டத்தைப் பாவம் என்று புராட்டஸ்டன்ட் சபைகள் கண்டித்தன. ஆனால் குதிரைப் பந்தயமும் லாட்டரிச் சீட்டும் தொழிலாளர் குடியிருப்புகளில் வாழ்க்கையின் பகுதி. கேஹில் வளர்ந்த கத்தோலிக்க உலகத்தில் மாதாகோயில் நிதிக்கே சீட்டுக் குலுக்குவார்கள். லாட்டரி எந்திரம் தயாராக இருந்தது, சீட்டு வாங்கும் பழக்கமும் இருந்தது. 'ஒபரா ஹவுஸ் லாட்டரி' என்று பெயர் போட்டு, பரிசைப் பெரிதாக்கினால் போதும்.

அப்படித்தான் செய்தார்கள். சீட்டு ஐந்து பவுண்டு. ஒரு சாதாரணத் தொழிலாளியின் வாரச் சம்பளத்தில் கணிசமான பங்கு அது. அதனால் நாலைந்து பேர் சேர்ந்து பங்குபோட்டு வாங்குவது எளிதான வழி. முதல் பரிசு ஒரு லட்சம் பவுண்டு. கனவில் மட்டும் பார்க்கக்கூடிய தொகை. முதல் குலுக்கல் 1958 ஜனவரி 10. அப்போது டிராம் டிப்போவைக்கூட இன்னும் இடிக்கவில்லை.

இதில் கேஹிலின் சாமர்த்தியம் எங்கே என்றால், லாட்டரி வந்த பிறகு எதிர்ப்பாளர்களுக்குப் பேச்சு கொஞ்சம் அடைத்துப்போனது. ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய காசு என்று சொல்லமுடியாது. இது சீட்டு வாங்குகிறவன் மனமுவந்து கொடுத்த காசு. அநியாயமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஒபரா டிக்கெட் வாங்க வாழ்நாளில் ஒருமுறைகூட நினைக்காதவர்கள் பரிசு விழும் என்ற ஆசையில் சுவர் சுவராக அதைக் கட்டிக் கொடுத்தார்கள். இதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எல்லோருக்கும் பொதுவான தர்மம் என்று சொல்லவும் வரவில்லை.

பணம் வரத் தொடங்கியதும் கேஹிலுக்கு அவசரம் பிடித்தது. 1959 மார்ச் 21 அன்று தேர்தல். தோற்றால், அடுத்து வருகிறவர் திட்டத்தை மூட்டைகட்டிவிடுவார். ஆகவே அஸ்திவாரத்தைப் போட்டுவிட வேண்டும். தோண்டிய குழியை மூடுவது எந்த அரசாங்கத்துக்கும் சங்கடம். உட்ஸனின் வரைபடங்கள் முடியவில்லை, கூரை எப்படி நிற்கும் என்று பொறியாளர் ஓவ் அரூப்பின் ஆட்களுக்கே தெரியாது. இருந்தும் மார்ச் 2 அன்று வேலை தொடங்கியது. கேஹில் மயிரிழையில் தேர்தலில் ஜெயித்தார். மேடைக்காக எழுப்பிய தூண்கள் கடைசியில் வடிவெடுத்த கூரையின் பாரத்தைத் தாங்காது என்று பிறகு தெரிந்து, அவற்றை இடித்து மறுபடி கட்டவேண்டியிருந்தது. செலவு எகிறியதற்கு உட்ஸனைத் திட்டுகிறவர்கள் இந்தத் தேர்தல் தேதியையும் கணக்கில் வைக்கவேண்டும். கேஹிலைத் திட்டுகிறவர்களோ, அவர் காத்திருந்தால் இன்று அங்கே என்ன நிற்கும் என்றும் யோசிக்கவேண்டும். டிப்போ இருந்த இடத்தில் நல்ல அடுக்குமாடி நின்றிருக்கும் என்பது என் ஊகம். கேஹில் ஆட்சியின் நகர ரசனை அப்படி ஒன்றும் உயர்ந்தது கிடையாது. துறைமுகத்தின் நெற்றியில் கான்கிரீட் பட்டைபோல ஓடும் மேம்பாலச் சாலையை 1958-இல் திறந்தவர்களும் அவர்களே. அதற்குக் கேஹில் எக்ஸ்பிரஸ்வே என்றே பெயர்.

1959 அக்டோபர் 22 அன்று கேஹில் பதவியிலிருக்கும்போதே இறந்தார். சட்டமன்றத்தில் உடல்நிலை மோசமாகி, பக்கத்திலிருந்த சிட்னி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். படுக்கையருகே நின்ற பொதுப்பணி அமைச்சர் நார்ம் ரயனிடம் ஒபரா ஹவுஸைக் கைவிட்டுவிடாதே என்று வாக்கு வாங்கினார் என்று சொல்லப்படுகிறது. மறு ஆண்டே அதற்கென்று தனிச்சட்டம் வந்தது.

அதே 1960-இல் லாட்டரியின் இன்னொரு முகம் தெரிந்தது. பரிசு விழுந்தவரின் பெயரும் முகவரியும் பத்திரிகையில் வருவது அன்றைய வழக்கம். ஜூன் 1 அன்று நடந்த பத்தாவது குலுக்கலில் பாண்டாய் பகுதியில் ஒரு குடும்பத்துக்கு ஒரு லட்சம் விழுந்தது. ஐந்து வாரம் கழித்து அந்த வீட்டுப் பையனை, எட்டு வயது, பள்ளிக்குப் போகும் வழியில் கடத்திக்கொண்டுபோய் 25,000 பவுண்டு கேட்டார்கள். பேரம் முடிவதற்குள் பையன் உயிரோடு இல்லை. துணியில் ஒட்டியிருந்த சாந்துத் துகள், செடி இலைகள், நாய் முடி இவற்றைக் கொண்டு போலீஸ் ஒரு வீட்டைக் கண்டுபிடித்தது. ஆள் அதற்குள் குடும்பத்தோடு 'ஹிமாலயா' கப்பலில் ஏறி இங்கிலாந்துக்குப் புறப்பட்டிருந்தான். வழியில் அது கொழும்பில் நின்றபோது, அக்டோபரில், இலங்கைப் போலீஸ் அவனைக் கப்பலிலேயே பிடித்தது. கொழும்பு நீதிமன்றத்தில் வழக்காடித்தான் சிட்னிக்குக் கொண்டுபோக முடிந்தது. ஆயுள் தண்டனை. அதன்பிறகு பரிசு விழுந்தவர் தன் பெயரை வெளியிடவேண்டாம் என்று சொல்லும் உரிமை வந்தது.

சீட்டு விற்பனை நிற்கவில்லை. நிற்கவும் முடியாது, ஏனென்றால் கூரை நின்றபாடில்லை. 1965-இல் தொழிற்கட்சி 24 ஆண்டு ஆட்சியை இழந்தது. புதிய பொதுப்பணி அமைச்சர் டேவிஸ் ஹியூஸ், உட்ஸனுக்குக் காசு கொடுப்பதை இறுக்கினார். 1966 பிப்ரவரி கடைசியில் உட்ஸன் விலகினார். உள்வேலையை வேறு கட்டடக்கலைஞர்கள் முடித்தார்கள். 1973 அக்டோபர் 20 அன்று எலிசபெத் அரசி திறந்துவைத்தபோது செலவு 10 கோடியே 20 லட்சம் டாலர். 1957-இன் 35 லட்சம் பவுண்டு என்றால் புதிய நாணயத்தில் 70 லட்சம் டாலர். பதினாலு மடங்குக்கும் மேல். இவ்வளவு பெரிய பிழை ஒரு நகரத்தைக் கடனில் மூழ்கடித்திருக்கவேண்டும். 1975-இலேயே கணக்கு தீர்ந்தது. நன்கொடை போக மீதி எல்லாம் ஏறக்குறைய சீட்டுக் காசு.

கடன் தீர்ந்த பிறகும் லாட்டரியை யாரும் நிறுத்தவில்லை. ஒபரா ஹவுஸ் பெயரிலேயே 1986 வரை சீட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள்.