பி.எம். ஸ்வநிதி: சாலையோர வியாபாரிக்குக் கடன் கிடைத்தது, நிற்க இடம் உறுதியானதா?

கொரோனா ஊரடங்குக் காலத்தில் தொடங்கப்பட்ட பிரதமரின் சாலையோர வியாபாரிகளுக்கான தற்சார்பு நிதித் திட்டம், சுருக்கமாக பி.எம். ஸ்வநிதி, 2030 மார்ச் 31 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. பிரதமர் நரேந்திர மோடி தலைமையிலான மத்திய அமைச்சரவை 2025 ஆகஸ்ட் 27 அன்று இதற்கு ஒப்புதல் அளித்தது. மறுசீரமைக்கப்பட்ட திட்டத்துக்கு மொத்தம் ரூ.7,332 கோடி ஒதுக்கப்பட்டுள்ளது. 50 லட்சம் புதிய பயனாளிகள் உட்பட 1.15 கோடி பேர் பயன்பெற வேண்டும் என்பது இலக்கு.

முதல் தவணைக் கடன் ரூ.10,000-லிருந்து ரூ.15,000 ஆகவும், இரண்டாம் தவணை ரூ.20,000-லிருந்து ரூ.25,000 ஆகவும் உயர்த்தப்பட்டுள்ளன. மூன்றாம் தவணை ரூ.50,000 என்ற அளவிலேயே தொடர்கிறது. இரண்டாம் கடனை அடைத்து முடித்தவர்களுக்கு யுபிஐ-யுடன் இணைக்கப்பட்ட ரூபே கடன் அட்டை வழங்கப்படும் என்பது புதிய அம்சம். நகராட்சி எல்லையோடு நின்றிருந்த திட்டம், மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகரங்களாக வகைப்படுத்தப்பட்ட ஊர்களுக்கும் புறநகர்ப் பகுதிகளுக்கும் படிப்படியாக விரிவுபடுத்தப்பட உள்ளது.

திட்டம் பிறந்த சூழல்

2020 மார்ச் 24 நள்ளிரவு நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபோது, அன்றாட விற்பனையை மட்டுமே நம்பியிருந்த தள்ளுவண்டிக்காரர்கள், நடைபாதைக் கடைக்காரர்கள், கூடை சுமந்து விற்போர் ஆகியோரின் வருமானம் ஒரே நாளில் நின்றது. அவர்களிடம் இருந்த சிறு முதலும் சில வாரங்களில் வீட்டுச் செலவில் கரைந்தது. மீண்டும் கடை போட அனுமதி கிடைத்தபோது, சரக்கு வாங்கக் கையில் பணம் இல்லை.

அந்த ஆண்டு மே 14 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், ஏறத்தாழ 50 லட்சம் சாலையோர வியாபாரிகளுக்கு ரூ.5,000 கோடி சிறப்புக் கடன் வசதியை அறிவித்தார். ஜூன் 1 அன்று வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற விவகார அமைச்சகத்தின் திட்டமாக ஸ்வநிதி தொடங்கியது. 2020 மார்ச் 24 அன்றோ அதற்கு முன்போ தொழில் செய்துவந்தவர்கள் தகுதியுடையவர்கள் என வரையறுக்கப்பட்டது.

கடனுக்கு அடமானம் தேவையில்லை. ஒழுங்காகத் திருப்பிச் செலுத்துவோருக்கு ஆண்டுக்கு 7 சதவீத வட்டி மானியம் வங்கிக் கணக்கில் நேரடியாக வரவு வைக்கப்படுகிறது. வாராக்கடனால் வங்கிக்கு ஏற்படும் இழப்பின் ஒரு பகுதியை, குறு, சிறு நிறுவனங்களுக்கான கடன் உத்தரவாத நிதி அறக்கட்டளை ஏற்கிறது. சொத்து ஏதுமற்ற ஒருவருக்கு வங்கி கதவைத் திறந்ததற்கு இந்த உத்தரவாதமே முக்கியக் காரணம்.

தண்டல் கணக்கும் வங்கிக் கணக்கும்

இத்திட்டத்தின் பயனை உணர, அதற்கு முன்பிருந்த கடன் முறையை அறிய வேண்டும். தமிழகத்தில் தண்டல் என்றும், பிற மாநிலங்களில் வேறு பெயர்களிலும் வழங்கும் நாள் கடன், இந்திய நகரங்கள் பலவற்றில் சந்தைகளைச் சுற்றியே இயங்குகிறது. காலையில் ஆயிரம் ரூபாய்க் கடனில் நூறு ரூபாயைப் பிடித்துக்கொண்டு தொள்ளாயிரம் கொடுப்பார்கள். மாலையில் ஆயிரமாகத் திருப்பித் தர வேண்டும். மாதத்தில் 26 நாள்கள் இவ்வாறு கடன் வாங்கி வியாபாரம் செய்பவர் வட்டியாக மட்டும் ரூ.2,600 இழக்கிறார். அசலோ மறுநாள் காலையில் மீண்டும் கடனாகவே நிற்கிறது.

ரூ.10,000 வங்கிக் கடனை ஓராண்டில் மாதத் தவணைகளாக அடைப்பதாகவும், வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம் எனவும் கொண்டால், மாதத் தவணை ரூ.890-க்குள் அடங்கும். ஆண்டு முழுவதற்குமான வட்டி ஏறத்தாழ ரூ.660, அதிலும் பாதிக்கு மேல் மானியமாகத் திரும்பி வந்துவிடும். வங்கிக்கு வங்கி வட்டி விகிதம் மாறுபடும் என்றாலும், நாள் கடனில் ஒரே மாதத்தில் போகும் தொகைக்கும் இதற்கும் ஒப்பீடே இல்லை.

தொகை சிறியது என்ற விமர்சனம் தொடக்கம் முதலே உண்டு. காய்கறி, பூ, பழம் விற்பவருக்கு ஒரு வாரச் சரக்கை மொத்த விலையில் வாங்க ரூ.10,000 உதவும். ஆனால் அடுப்பு, எரிவாயு உருளை, பாத்திரங்கள், வண்டி என முதலீடு தேவைப்படும் உணவுக் கடைக்கு அது போதாது. முதல் இரு தவணைகளும் தலா ரூ.5,000 உயர்த்தப்பட்டிருப்பது இக்குறையை ஓரளவே ஈடுசெய்கிறது.

புள்ளிவிவரங்கள் சொல்வது என்ன?

2025 ஜூலை 30 நிலவரப்படி 68 லட்சத்துக்கும் அதிகமான வியாபாரிகளுக்கு, 96 லட்சத்துக்கும் அதிகமான கடன்களாக, மொத்தம் ரூ.13,797 கோடி வழங்கப்பட்டுள்ளதாக மத்திய அரசு தெரிவித்துள்ளது. இந்த இரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை தெரியும். ஒவ்வொருவரும் ஒரு முதல் கடன் பெற்றிருப்பார். எனவே எஞ்சிய 28 லட்சம் கடன்களே இரண்டாம், மூன்றாம் தவணைகளாக இருக்க முடியும். அதாவது ஏறத்தாழ 40 லட்சம் பேர் அந்தத் தேதி வரை முதல் படியைத் தாண்டவில்லை. இவர்களில் இன்னும் தவணை செலுத்திக்கொண்டிருப்பவர்களும் உண்டு; இடையில் நின்றுபோனவர்களும் உண்டு. கடன் அட்டை என்னும் மூன்றாம் படியின் பயன் யாருக்கு எட்டும் என்பதை இந்த எண்ணிக்கையே தீர்மானிக்கும்.

திட்டத்தின் கடன் வழங்கும் காலம் 2024 டிசம்பர் 31 உடன் முடிவடைந்து, நீட்டிப்புக்கு எட்டு மாதங்கள் கழித்தே ஒப்புதல் கிடைத்தது. முதல் கடனை ஒழுங்காக அடைத்துவிட்டு அடுத்ததற்குக் காத்திருந்தவர்களுக்கு அந்த இடைவெளி சிறியதல்ல.

பயனாளிகளில் சுமார் 43 சதவீதத்தினர் பெண்கள் எனப் பாரத ஸ்டேட் வங்கியின் பொருளாதார ஆய்வுப் பிரிவு 2023-இல் வெளியிட்ட அறிக்கை குறிப்பிட்டது. வீடு, நிலம் ஆகியவை பெரும்பாலும் ஆண்கள் பெயரில் இருக்கும் நாட்டில், அடமானமற்ற கடனில் பெண்களின் பங்கு உயர்வது எதிர்பார்க்கக் கூடியதே.

ஸ்வநிதி பயனாளிகளின் குடும்பங்களைப் பிற நலத்திட்டங்களோடு இணைக்கும் ‘ஸ்வநிதி சே சம்ருத்தி’ என்னும் பகுதி 2021 ஜனவரியில் தொடங்கியது. இதன் கீழ் 3,564 நகர்ப்புற உள்ளாட்சிகளில் 46 லட்சம் பயனாளிகளின் விவரங்கள் திரட்டப்பட்டு, ஆயுள் மற்றும் விபத்துக் காப்பீடு, ஜன் தன் கணக்கு, ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை, மகப்பேறு உதவி உள்ளிட்ட திட்டங்களில் 1.38 கோடிக்கும் அதிகமான ஒப்புதல்கள் வழங்கப்பட்டுள்ளன. புலம்பெயர்ந்து வந்து நகரத்தில் தொழில் செய்யும் குடும்பத்துக்கு, சொந்த ஊர் குடும்ப அட்டையைக் கொண்டு இங்கேயே அரிசி பெற முடிவது, ரூ.10,000 கடனுக்குச் சற்றும் குறையாத உதவியாகும்.

கியூஆர் அட்டையின் இரு முகங்கள்

டிஜிட்டல் பரிவர்த்தனைகளை ஊக்குவிக்க, தொடக்கத்தில் மாதம் ரூ.100 என ஆண்டுக்கு ரூ.1,200 வரை பணம் திரும்ப அளிக்கப்பட்டது. இப்போது சில்லறை, மொத்தப் பரிவர்த்தனைகளுக்கு ரூ.1,600 வரை கிடைக்கும். டிஜிட்டல் முறையில் இயங்கும் ஏறத்தாழ 47 லட்சம் பயனாளிகள் ரூ.6.09 லட்சம் கோடி மதிப்பில் 557 கோடிக்கும் அதிகமான பரிவர்த்தனைகளைச் செய்து, ரூ.241 கோடி ஊக்கத்தொகை பெற்றுள்ளதாக அரசின் அறிவிப்பு கூறுகிறது. வகுத்துப் பார்த்தால் ஒரு பரிவர்த்தனையின் சராசரி ரூ.1,000-ஐத் தாண்டுகிறது. ஒரு கிலோ தக்காளிக்கோ ஒரு கோப்பை தேநீருக்கோ வாடிக்கையாளர் தரும் தொகை அதுவல்ல. எனவே இத்தொகை முழுவதையும் விற்பனை வரவாகக் கொள்வது கடினம்.

பரிவர்த்தனைப் பதிவு கடன் தகுதிக்குச் சான்றாகிறது என்பது நன்மை. அதே பதிவு வரித்துறையின் கண்ணிலும் படும் என்பதைக் கர்நாடகம் காட்டியது. 2025 ஜூலையில் அம்மாநில வணிக வரித்துறை, யுபிஐ வரவுகளின் அடிப்படையில் சிறு வணிகர்கள் பலருக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பியதும், பெங்களூருவில் பல கடைகளில் கியூஆர் அட்டைகள் அகற்றப்பட்டு, ரொக்கம் மட்டுமே என்ற அறிவிப்புகள் தொங்கின. எதிர்ப்பு வலுத்ததை அடுத்து, பழைய பாக்கி வசூலிக்கப்படாது என மாநில அரசு அறிவித்தது. பொருள் விற்பனையில் ஆண்டு வரவு ரூ.40 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் என்பதால், பெரும்பாலான தள்ளுவண்டி வியாபாரிகளுக்கு இதில் அச்சப்பட ஏதுமில்லை. ஆயினும் ஐயம் எளிதில் நீங்குவதில்லை.

கடனுக்குப் பின்னால் ஒரு சட்டம்

ஸ்வநிதி திட்டத்தின் வழிகாட்டு நெறிமுறைகளில் அதிகம் பேசப்படாத ஒரு நிபந்தனை உண்டு. 2014-ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் வாழ்வாதாரப் பாதுகாப்பு மற்றும் சாலையோர வியாபார ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் விதிகளையும் செயல்திட்டத்தையும் அறிவிக்கை செய்த மாநிலங்களின் வியாபாரிகளுக்கே கடன் கிடைக்கும். தனக்கெனத் தனிச்சட்டம் கொண்ட மேகாலயாவுக்கு மட்டும் விலக்கு. கடன் திட்டத்தின் வேர் அந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது.

நடைபாதையில் வியாபாரம் செய்வது உரிமையா, ஆக்கிரமிப்பா என்ற கேள்வி நீதிமன்றங்களில் நீண்டகாலம் விவாதிக்கப்பட்டது. உரிய கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு, சாலையோர வியாபாரமும் அரசியல் சாசனத்தின் 19(1)(ஜி) பிரிவு வழங்கும் தொழில் உரிமையில் அடங்கும் என உச்ச நீதிமன்றம் 1989-இல் சோதன் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. 2010-இல் கெய்ண்டா ராம் வழக்கில், இதற்கெனச் சட்டம் இயற்றுமாறு உத்தரவிட்டது. அதன் தொடர்ச்சியாக நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் 2014 மே 1 அன்று நடைமுறைக்கு வந்தது.

ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் கணக்கெடுப்பு நடத்தி, நகரின் மக்கள்தொகையில் 2.5 சதவீதம் என்ற வரம்புக்கு உட்பட்டு, ஏற்கெனவே தொழில் செய்பவர்களுக்கு விற்பனைச் சான்றிதழ் தர வேண்டும் என்கிறது அச்சட்டம். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கும் வரை எவரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்றுவதாயின் 30 நாள் முன்னறிவிப்பு தேவை. பறிமுதல் செய்த பொருளுக்குப் பட்டியல் கொடுக்க வேண்டும். உரியவர் கோரினால் அழுகும் பொருளை அன்றைய தினமே, மற்றவற்றை இரண்டு வேலை நாள்களுக்குள் திருப்பித் தர வேண்டும். கீரைக்கட்டு மறுநாள் கிடைத்து யாருக்கு என்ன பயன் என்பதை உணர்ந்து எழுதப்பட்ட பிரிவு இது.

இவற்றை மேற்பார்வையிடும் நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாத இடங்கள் வியாபாரிகளே தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளுக்கு உரியவை. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும். நடைமுறை இந்த அளவுக்கு விரைவாக இல்லை. மும்பையில் 2014-இல் ஏறத்தாழ 99 ஆயிரம் வியாபாரிகளைத் தொட்ட கணக்கெடுப்பில், சுமார் 32 ஆயிரம் பேரே தகுதியுடையோர் எனக் கொள்ளப்பட்டனர். அங்கு குழுவுக்கான தேர்தல் நடந்தது 2024 ஆகஸ்டில்தான்.

பரிந்துரைக் கடிதம் எதற்குச் செல்லும்?

சான்றிதழ் இல்லாதவர்களைக் கடனிலிருந்து விலக்கியிருந்தால் ஸ்வநிதி தொடக்கத்திலேயே முடங்கியிருக்கும். எனவே கணக்கெடுப்பில் இடம்பெற்றும் சான்றிதழ் பெறாதவர்களுக்குத் தற்காலிகச் சான்றிதழும், கணக்கெடுப்பில் விடுபட்டவர்களுக்கும் அருகிலுள்ள கிராமங்களிலிருந்து வந்து விற்பவர்களுக்கும் உள்ளாட்சி அல்லது நகர விற்பனைக் குழுவின் பரிந்துரைக் கடிதமும் போதுமானவை என ஏற்கப்பட்டது. ஊரடங்கு கால உதவித்தொகை பெற்றதற்கான ஆதாரமோ, வியாபாரிகள் சங்க உறுப்பினர் அட்டையோ கடிதம் பெற உதவும். பல லட்சம் பேரின் பெயர் ஓர் அரசுப் பதிவேட்டில் தொழிலின் அடையாளத்தோடு முதன்முறையாக ஏறியது இந்த வழியில்தான்.

ஆனால் பரிந்துரைக் கடிதம் வங்கிக்கான ஆவணம். 2014 சட்டம் கூறும் விற்பனைச் சான்றிதழுக்கு அது ஈடாகாது. குறிப்பிட்ட தெருவில், குறிப்பிட்ட இடத்தில் நிற்கும் உரிமையை அது தருவதில்லை. ரூ.50,000 கடனில் புதிய வண்டி வாங்கியவரை அடுத்த மாதம் ஆக்கிரமிப்பு அகற்றும் பணியில் அப்புறப்படுத்தினால், அவருக்கு எஞ்சுவது தவணைதான். ஆகவே கடன் திரும்பி வருவதற்கும் இடம் நிலைப்பதற்கும் உள்ள தொடர்பு நேரடியானது. மறுசீரமைக்கப்பட்ட திட்டத்தில் கடன், அட்டை ஆகியவற்றை வங்கிகள் வழியாகக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு மத்திய நிதிச் சேவைகள் துறைக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டுள்ளது. சான்றிதழும் விற்பனை மண்டலங்களும் மாநில அரசுகள் மற்றும் உள்ளாட்சிகளின் கையில் உள்ளன.

உரிமை இல்லாத இடமும் ஒன்று உண்டு. ரயில்வேக்குச் சொந்தமான நிலம், வளாகம், ரயில்கள் ஆகியவற்றுக்கு 2014 சட்டம் பொருந்தாது. நிலைய வாசலில் கொய்யாப்பழம் விற்பவர், தம் கூடை ரயில்வே எல்லைக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதைப் பொறுத்தே சட்டத்தின் பாதுகாப்பைப் பெறுவார். சான்றிதழ் பெற்ற வியாபாரி இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ, அதன் காலம் முடியும் வரை வாழ்க்கைத்துணையோ, அவரைச் சார்ந்த பிள்ளையோ அதே இடத்தில் தொழிலைத் தொடரலாம். பரிந்துரைக் கடிதத்தை மட்டுமே வைத்திருக்கும் குடும்பத்துக்கு அத்தகைய ஏற்பாடு எதுவும் இல்லை.