வணிகத்துக்கு எந்த வலைப்பதிவு மென்பொருள்? கூரம் செப்பேடு முதல் வேர்ட்பிரஸ் வரை

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கூரம் ஒரு சிறிய ஊர்தான். ஆனால் வரலாற்றுப் புத்தகங்களில் அந்தப் பெயர் அடிக்கடி வரும். 7-ஆம் நூற்றாண்டில் பல்லவ அரசன் முதலாம் பரமேசுவரவர்மன் கூரத்தில் இருந்த சிவன் கோயிலுக்கும் அங்கிருந்த அந்தணர்களுக்குமாக ஒரு கிராமத்தைத் தானம் செய்தான். அந்தத் தானத்தை ஏழு செப்பேடுகளில் பதிவு செய்தார்கள். 1890-ல் வெளிவந்த 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' முதல் தொகுதியில் ஹூல்ட்ஷ் அதை அச்சிட்டார்.

அந்தப் பதிவைச் செய்தவர்கள் மூன்று முடிவுகள் எடுத்திருக்கிறார்கள். ஒன்று, சீக்கிரம் அழியும் ஓலையை விட்டுவிட்டு செம்பில் எழுதினார்கள். இரண்டு, சமஸ்கிருதத்தோடு நிறுத்தாமல் தமிழிலும் எழுதினார்கள். மூன்று, எழுதியதோடு விட்டுவிடாமல் கோயில் பராமரிப்புக்கும், மண்டபத்துக்குத் தண்ணீரும் நெருப்பும் தருவதற்கும், அங்கே பாரதம் படிப்பதற்கும் தனித்தனியாகப் பங்கு ஒதுக்கினார்கள்.

எதில் எழுதுவது, எந்த எழுத்தில் எழுதுவது, யார் பார்த்துக்கொள்வது? இன்று ஒரு பட்டுச்சேலைக் கடை வலைப்பதிவு தொடங்க நினைத்தாலும் இதே மூன்று கேள்விகள்தான். ஆனால் பெரும்பாலானவர்கள் 'எது இலவசம், எது அழகாக இருக்கிறது' என்று மட்டும் பார்த்துத் தொடங்கிவிடுகிறார்கள். அதனால் என்ன ஆகும் என்பதற்குக் கடந்த இருபத்தைந்து வருட வரலாறே சாட்சி.

கடைக்கு வலைப்பதிவு எதற்கு?

2005-ல் தாமஸ் மஹோன் என்ற தையற்காரர் 'இங்கிலிஷ் கட்' என்ற வலைப்பதிவைத் தொடங்கினார். லண்டனின் சாவில் ரோ தெருவில் தொழில் கற்றவர் அவர். கோட்டு எப்படி வெட்டப்படுகிறது, நல்ல தையலை எப்படி அடையாளம் காண்பது என்று தொழில் விஷயங்களை ஒளிக்காமல் எழுதினார். பெரிய விளம்பரம் எதுவும் இல்லாமலே அமெரிக்காவிலிருந்தெல்லாம் வாடிக்கையாளர்கள் வந்தார்கள்.

காஞ்சிபுரம் பட்டுக்கு இது அப்படியே பொருந்தும். கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் இருக்கும். அதை மூன்று நாடாக்கள் வைத்து, பக்கத்தில் ஒரு துணை ஆளோடு நெய்ய வேண்டும். சரிகை என்பது வெள்ளிக் கம்பியும் பட்டு நூலும் சேர்ந்து, மேலே தங்க முலாம் பூசியது. வாங்குபவர் இதையெல்லாம் தெரிந்துகொண்டால்தான் விசைத்தறிச் சேலைக்கும் கைத்தறிச் சேலைக்கும் விலை ஏன் வேறுபடுகிறது என்று புரியும். 2005-06-ல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் குறியீடு மட்டும் இருந்தால் போதாது, அதன் அர்த்தத்தை யாராவது சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லும் பதிவுகள் சேரச் சேர அவையும் கடையின் சொத்துதான். எனவே அந்தச் சொத்தை எங்கே வைப்பது என்பது முக்கியம்.

வாடகை வீடும் சொந்த வீடும்

1999 ஆகஸ்டில் பைரா லேப்ஸ் நிறுவனம் பிளாக்கரை வெளியிட்டது. 2003 பிப்ரவரியில் கூகுள் அதை வாங்கியது. காசு வேண்டாம், தொழில்நுட்பம் தெரிய வேண்டாம், ஐந்து நிமிடத்தில் வலைப்பதிவு தயார்! தமிழ் வலைப்பதிவர்களில் பலர் தொடங்கியதும் அங்கேதான். இது வாடகை வீடு மாதிரி. இடமும் மென்பொருளும் அவர்களுடையது, எழுத்து மட்டும் நம்முடையது.

இன்னொரு வகை, மென்பொருளை வாங்கி வந்து நம்முடைய வழங்கியில் நிறுவிக்கொள்வது. 2001 அக்டோபரில் வந்த மூவபிள் டைப் அப்படிப்பட்டது. அமெரிக்காவில் தொழில்முறைப் பதிவர்கள் அதைத்தான் விரும்பினார்கள். 2004 மே மாதத்தில் அதன் மூன்றாம் பதிப்பு வந்தபோது உரிமம் மாறியது. இலவசப் பதிப்பில் ஒரே ஒரு எழுத்தாளர், மூன்று வலைப்பதிவுகள் மட்டும் என்று வரம்பு வைத்தார்கள். பணம் கேட்பது நியாயம்தான், அது அவர்களுடைய வியாபாரம். ஆனால் விதிகள் திடீரென்று மாறியதால் பலருக்குக் கோபம் வந்தது. கூட்டம் கூட்டமாக வேர்ட்பிரஸ் பக்கம் போனார்கள்.

வேர்ட்பிரஸ் பிறந்த கதையும் இங்கே கவனிக்க வேண்டியது. மிஷெல் வால்ட்ரிகி என்பவர் எழுதிய பி2 என்ற மென்பொருளின் வளர்ச்சி ஒரு கட்டத்தில் நின்றுபோனது. அது ஜி.பி.எல். உரிமத்தில் இருந்ததால் மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் இருவரும் அதே நிரலை எடுத்துத் தொடர்ந்தார்கள். 2003 மே 27 அன்று வேர்ட்பிரஸ் முதல் பதிப்பு வந்தது. எழுதியவர் விட்டுப்போன மென்பொருள் சாகவில்லை. கட்டற்ற உரிமத்தால் வணிகத்துக்குக் கிடைக்கும் உண்மையான லாபம் இதுதான், விலை இல்லாதது அதற்கு அப்புறம்தான்.

2006-ல் இந்தியாவில் நடந்தது

2006 ஜூலை 11 அன்று மும்பை ரயில்களில் குண்டுகள் வெடித்தன. சில நாட்களில், குறிப்பிட்ட சில பக்கங்களைத் தடுக்கும்படி தொலைத்தொடர்புத் துறையிலிருந்து இணையச் சேவை நிறுவனங்களுக்கு உத்தரவு போனது. ஆனால் பல நிறுவனங்கள் அந்தப் பக்கங்களோடு நிற்காமல் பிளாக்ஸ்பாட், டைப்பேட், ஜியோசிட்டீஸ் என்று முழுத் தளங்களையும் மூடிவிட்டன. சமையல் குறிப்பு எழுதியவர், கவிதை எழுதியவர் எல்லோருடைய பக்கமும் இந்தியாவில் திறக்கவில்லை. கொஞ்ச நாளில் சரியானது. ஆனால் அது தீபாவளிக்கு முந்தைய வாரமாக இருந்து, ஒரு கடையின் ஒரே முகவரி பிளாக்ஸ்பாட்டாக இருந்திருந்தால்?

மூடப்பட்ட கடைகள்

அடுத்து, இடமே இல்லாமல் போனவை. ஜியோசிட்டீஸை யாஹூ 2009 அக்டோபரில் மூடியது. போஸ்டரஸை 2012-ல் ட்விட்டர் வாங்கி, 2013 ஏப்ரல் 30-ல் மூடியது. 2003-ல் தொடங்கிய டைப்பேட் காசு கொடுத்துப் பயன்படுத்தும் சேவை. வணிக நிறுவனங்கள் பலவும் அதில் இருந்தன. அதுவும் 2025 செப்டம்பர் 30-ல் மூடப்பட்டது. ஆக, இலவசமாக இருந்தால்தான் ஆபத்து, பணம் கொடுத்தால் பாதுகாப்பு என்றும் சொல்ல முடியாது.

பிளாக்கர் இன்றும் ஓடுகிறது. ஆனால் பதிவுகளைச் சொந்த வழங்கிக்கு நேரடியாக அனுப்பும் எஃப்.டி.பி. வசதியை 2010-ல் அதுவும் நிறுத்தியது. வேர்ட்பிரஸிலும் சண்டை இல்லாமல் இல்லை. 2024 செப்டம்பரில் டபிள்யூ.பி. எஞ்ஜின் என்ற வழங்கி நிறுவனத்தோடு தகராறு வந்தபோது, அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்கு வேர்ட்பிரஸ்.ஆர்க் தளத்திலிருந்து வரும் புதுப்பிப்புகள் தடைப்பட்டன. விவகாரம் நீதிமன்றம் வரை போனது.

வணிகவியலில் இதற்கு 'மாறும் செலவு' என்று பெயர். நுழையும்போது செலவு பூஜ்யம், வெளியேறும்போதுதான் பில் வரும். பழைய முகவரிக்கு வந்த இணைப்புகள் எல்லாம் அறுந்துபோகும். தேடுபொறியில் சேர்த்த இடமும் போகும். பலகை வைக்காமல் கடையை வேறு தெருவுக்கு மாற்றியது போலத்தான்.

எழுத்திலும் இதே பாடம்

தமிழில் இந்தப் பாடம் முன்பே கிடைத்தது. 1990-களில் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு எழுத்துரு இருந்தது. ஒன்றில் எழுதியதை இன்னொன்றில் திறந்தால் புரியாத குறிகள்தான் வரும். திஸ்கி வந்தது. 1999 தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு தாம், தாப் வந்தன. முரசு அஞ்சல், இ-கலப்பை போன்றவற்றால் ஒருங்குறியில் தட்டச்சு செய்வது எளிதான பிறகுதான் நிலைமை மாறியது. 2010-ல் தமிழக அரசும் ஒருங்குறியை ஏற்றது. பழைய எழுத்துருக்களில் எழுதியதை, மாற்றிகள் கொண்டு மாற்றாவிட்டால், தேடுபொறியில் கண்டுபிடிக்க முடியாது. பொதுத் தரத்தில் எழுதியது பிழைத்தது, தனி வழியில் எழுதியது மாட்டிக்கொண்டது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

மென்பொருளின் பெயரைவிட இந்த நான்கும் முக்கியம்:

1. முகவரி கடையின் சொந்தப் பெயரில் இருக்க வேண்டும். மென்பொருள் மாறினாலும் வாடிக்கையாளருக்கு வழி மாறாது.

2. பதிவுகளையும் படங்களையும் மொத்தமாக இறக்கிக்கொள்ள வழி இருக்க வேண்டும். தொடங்கிய முதல் மாதத்திலேயே ஒருமுறை இறக்கிப் பார்த்துவிட வேண்டும்.

3. தமிழ் ஒருங்குறியில் இருக்க வேண்டும். விலைப்பட்டியலையும் விளக்கத்தையும் படமாகப் போட்டால் தேடலில் வராது.

4. பராமரிக்க ஆள் இருக்க வேண்டும். சொந்த வழங்கியில் வேர்ட்பிரஸ் போட்டுவிட்டுப் புதுப்பிக்காமல் விடுவது பூட்டில்லாத கடை. அதற்கு ஆள் இல்லாத சிறு கடைக்கு, சொந்த முகவரியோடு கூடிய பிளாக்கரே மேல்.

கூரம் செப்பேட்டில் பாரதம் படிக்கவும் ஒரு பங்கு இருந்தது. இன்றைய கணக்கில் அது எழுதுபவருக்கான சம்பளம். பல கடைகளின் வலைப்பதிவுகள் 'விரைவில் புதிய பதிவுகள்' என்று இரண்டு வருடத்துக்கு முன் போட்ட வரியோடு நிற்பதற்கு மென்பொருள் காரணமில்லை. யார் எழுதுவது என்று யாரும் முடிவு செய்யவில்லை, அவ்வளவுதான்.