திறந்தவர்கள் வாழவைத்த பெட்டி

2000 மார்ச்சில் சான் ஹோசே நகரில் நடந்த விளையாட்டு உருவாக்குநர்கள் மாநாட்டில், எக்ஸ் எழுத்தின் வடிவில் பளபளத்த வெள்ளிநிற மாதிரி ஒன்றை பில் கேட்ஸ் மேடையில் காட்டினார். அந்த மாதிரியை ஓடவைக்க உதவியவர்கள் ஏஎம்டி நிறுவனத்துப் பொறியாளர்கள். அவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதே, விற்பனைக்கு வரும் பெட்டியில் இன்டெல் பிராசஸர்தான் இருக்கும் என்று அறிவிப்பு வந்தது. கடைசி நேரத்தில் எடுத்த முடிவு. எக்ஸ்பாக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான ஷேமஸ் பிளாக்லி, 2021-இல் அந்தப் பொறியாளர்களிடம் பொதுவெளியில் மன்னிப்புக் கேட்டார். அந்த முடிவு சில மனிதர்களைப் புண்படுத்தியதோடு நிற்கவில்லை. பெட்டியின் பாதுகாப்பிலும் ஒரு ஓட்டையை விட்டுவிட்டுப் போனது.

2001 நவம்பர் 15 அன்று 299 டாலர் விலையில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தபோது எக்ஸ்பாக்ஸ் கறுப்பாக, கனமாக, ஒரு பழைய விசிஆர் அளவுக்கு இருந்தது. மெக்ஸிகோவின் குவாதலஹாராவிலும் ஹங்கேரியின் ஷார்வாரிலும் இருந்த ஃப்ளெக்ஸ்ட்ரானிக்ஸ் ஆலைகளில் அது உருவானது. பிறகு உற்பத்தி சீனாவுக்குப் போனது. உள்ளே இருந்தவை எல்லாம் நாம் மேசைக் கணினியில் பார்த்துப் பழகியவை: 733 மெகாஹெர்ட்ஸ் இன்டெல் பிராசஸர், என்விடியா கிராஃபிக்ஸ் சிப், 64 எம்பி நினைவகம், ஒரு ஹார்ட் டிஸ்க், டிவிடி டிரைவ். கையில் பிடிக்கும் கன்ட்ரோலரின் இணைப்புகூட வெறும் யுஎஸ்பிதான். முனையின் வடிவத்தை மட்டும் மாற்றி, மஞ்சள் நிறத்தில் ஒரு கம்பியைக் கூடுதலாகச் சேர்த்திருந்தார்கள்.

பெட்டியை நஷ்டத்துக்கு விற்று, விளையாட்டுத் தட்டுகளில் லாபம் எடுப்பது மைக்ரோசாஃப்டின் கணக்கு. ஆகவே தாங்கள் கையொப்பமிட்ட நிரலைத் தவிர வேறு எதையும் பெட்டி ஓட்டக் கூடாது என்று கட்டினார்கள். நல்ல கணினி ஒன்று 299 டாலருக்குக் கிடைத்தது, ஆனால் வாங்கியவர் சொல்வதை அது கேட்கவில்லை. ஆர்வமுள்ளவர்கள் ஸ்க்ரூடிரைவரை எடுக்க அதுவே போதுமான காரணம் என்பேன்.

முதலில் உள்ளே ஆழமாகப் போனவர் ஆண்ட்ரூ ஹுவாங், நண்பர்கள் அழைக்கும் பெயரில் பன்னி. அப்போது எம்ஐடியில் முனைவர் பட்ட மாணவர். எல்லோரும் மதர்போர்டில் இருந்த ஃப்ளாஷ் சிப்பைப் படித்துப் பார்த்துக் குழம்பிக்கொண்டிருந்தார்கள். அதில் தொடக்க நிரல் போல ஒன்று இருந்தது, ஆனால் அது வேலை செய்கிற நிரல் இல்லை. உண்மையான தொடக்க நிரல் வெறும் 512 பைட். அது மதர்போர்டில் சவுத்பிரிட்ஜ் என்ற துணைச் சிப்புக்குள்ளேயே பதிக்கப்பட்டிருந்தது. அது பிராசஸரை அடைய இரண்டு சிப்களுக்கு நடுவே உள்ள அதிவேகப் பாதையைக் கடந்தாக வேண்டும். அந்த வேகத்தில் ஓடும் தகவலை வெளியாள் ஒட்டுக்கேட்க முடியாது என்று வடிவமைத்தவர்கள் நம்பினார்கள். ஹுவாங் சொந்தமாக ஒரு சிறு பலகையைச் செய்து, அந்தப் பாதையின் கம்பிகள்மேல் பொருத்திக் கேட்டுவிட்டார். அந்த 512 பைட்டும் அதிலிருந்த ரகசியச் சாவியும் வெளியே வந்தன. 2002 மே மாதம் அவருடைய ஆய்வுக் குறிப்பு எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தின் பெயரில் வெளியானது. வழக்குப் பயத்தில் பல்கலைக்கழகம் முதலில் கைகழுவப் பார்த்தது. சில பேராசிரியர்கள் உடன் நின்றதால்தான் குறிப்பு வெளிவர முடிந்தது. அடுத்த ஆண்டு அவர் இதைப் புத்தகமாக எழுதியபோதும் முதலில் ஒப்புக்கொண்ட பதிப்பகம் பின்வாங்கியது. 2013-இல், இணையச் செயற்பாட்டாளர் ஆரன் ஸ்வார்ட்ஸின் நினைவாக, அந்தப் புத்தகத்தை யாரும் இலவசமாகப் படிக்கலாம் என்று விட்டுவிட்டார்கள்.

மைக்ரோசாஃப்ட் உடனே சவுத்பிரிட்ஜ் சிப்பையே மாற்றி, 1.1 என்ற அடுத்த வடிவத்தைக் கொண்டுவந்தது. பழைய சிப்களுக்கு அதன்பின் வேலை இல்லாமல் போயிற்று. ஆனால் ஓட்டைகள் வேறு இடங்களில் இருந்தன. அவற்றில் ஒன்று முதல் வடிவம் தொட்டே இருந்தது. சோதனையில் தவறான நிரல் சிக்கினால், ரகசிய நிரல் தன்னை மறைத்துக்கொண்டு முகவரி எல்லையின் கடைசியில் போய் நின்றுவிட வேண்டும். எல்லையைத் தாண்டினால் பிராசஸர் பிழை காட்டி உறைந்துவிடும் என்பது திட்டம். ஏஎம்டி பிராசஸர் அப்படித்தான் செய்யும். இன்டெல் பிராசஸரோ கடைசி முகவரியைத் தாண்டியதும் பூஜ்யத்துக்குத் திரும்பி, அங்கே இருப்பதை ஓட்டத் தொடங்கிவிடும். பூட்டை உடைக்க வந்தவர்கள் அங்கே தங்கள் நிரலை முன்கூட்டியே வைத்துவிட்டால் போதும், பெட்டி அவர்கள் கையில். ஏஎம்டியை மனதில் வைத்து வடிவமைத்ததை இன்டெலுக்கு மாறியபின் மறுபடி சோதிக்கவில்லை என்பதே எக்ஸ்பாக்ஸில் லினக்ஸை ஓட்ட முயன்ற குழுவைச் சேர்ந்த மைக்கேல் ஸ்டைல் பின்னர் சொன்ன விளக்கம். மேடையில் அறிவித்த அந்தக் கடைசி நேர மாற்றத்தின் விலை இதுதான்.

பெட்டியின் பயாஸுக்கு (தொடக்க நிரலுக்கு) பதிலாக வேறொன்றை ஓட்டவைக்கும் சிப்தான் மோட்சிப். முதலில் வந்த மோட்சிப்களைப் பொருத்த 29 கம்பிகளை ஒவ்வொன்றாக ஈயம் வைத்து இணைக்க வேண்டும். கை நடுங்கினால் மதர்போர்டு போயிற்று. பிறகு ஒரு வழி தெரிந்தது. ஃப்ளாஷ் சிப்பின் டி-பூஜ்யம் என்ற ஒரே ஒரு கம்பியைத் தரையோடு இணைத்துவிட்டால், சிப்பில் ஒன்றும் இல்லை என்று பெட்டி நினைத்துக்கொள்கிறது. அடுத்து எல்பிசி என்ற பக்கவழியில் பயாஸைத் தேடுகிறது. ஆலைக்காரர்கள் தங்கள் வசதிக்காக வைத்த வழி அது, கடைக்கு வந்த பெட்டிகளிலும் அப்படியே விட்டிருந்தார்கள். 29 கம்பி வேலை அதன்பின் வரிசையாக ஊசிகளை நட்டுச் சிப்பைச் செருகும் வேலையாகச் சுருங்கியது.

பெட்டியைத் திறக்காமலே உள்ளே போகும் வழி 2003 மார்ச்சில் வந்தது. எக்ஸ்பாக்ஸில் லினக்ஸை ஓட்டுபவர்களுக்கு மைக்கேல் ராபர்ட்சன் என்ற தொழிலதிபர் மொத்தம் 2 லட்சம் டாலர் பரிசு அறிவித்திருந்தார். ஒரு பாதி, வன்பொருளில் கைவைக்காமல் செய்பவர்களுக்கு. ஜேம்ஸ் பாண்ட் விளையாட்டான ‘ஏஜென்ட் அண்டர் ஃபயர்’, சேமித்த ஆட்டத்தைத் திறக்கும்போது நீளத்தைச் சரிபார்ப்பதில்லை என்று ஒருவர் கண்டுபிடித்தார். எக்ஸ்பாக்ஸில் எல்லா விளையாட்டும் கெர்னல் உரிமையோடு ஓடுவதால், ஒரு விளையாட்டின் சறுக்கல் முழுப் பெட்டியையும் திறந்துவிடும். ‘மெக் அசால்ட்’, ‘ஸ்ப்ளின்டர் செல்’ ஆகியவற்றிலும் இதே போன்ற பிழை அகப்பட்டது. அதோடு, தொடக்கத் திரையின் எழுத்துருக் கோப்புகள் சரிபார்க்கப்படாமல் இருந்ததும் தெரியவந்தது. அங்கே மாற்றிய எழுத்துருவை வைத்துவிட்டால், அடுத்த தடவையிலிருந்து விளையாட்டுத் தட்டே தேவையில்லை. சாஃப்ட்மோட் என்பது இதைத்தான்.

இப்படித் திறந்த பெட்டிகளில் மக்கள் என்ன செய்தார்கள்? நகல் தட்டுகளைப் போட்டு விளையாடினார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இன்றும் உயிரோடிருப்பது அவர்கள் செய்த வேறு ஒன்று. டிவிக்கு அடியில் இருக்கும் இந்தப் பெட்டியில் படமும் பாட்டும் ஓட்டலாமே என்று 2002-இல் சிலர் ஒரு பிளேயரை எழுதத் தொடங்கினார்கள். அது எக்ஸ்பிஎம்சி ஆக வளர்ந்தது. மைக்ரோசாஃப்டின் கருவித்தொகுப்பைக் கொண்டு எழுதியதால், மூல நிரலைத்தான் அவர்களால் சட்டப்படி வெளியிட முடிந்தது, ஓட்டத் தயாரான கோப்பை அல்ல. பிறகு அது லினக்ஸுக்கும் விண்டோஸுக்கும் தாவியது, 2010-இல் தான் பிறந்த எக்ஸ்பாக்ஸையே விட்டு விலகியது, 2014-இல் பெயரை கோடி என்று மாற்றிக்கொண்டது. பிளெக்ஸ் என்ற சேவை கிளைத்ததும் அதே நிரலிலிருந்துதான். நம் வீட்டு டிவியில் கோடியைத் திறந்து படம் பார்ப்பவர்கள், யாரோ ஒரு எக்ஸ்பாக்ஸில் ஈயம் வைத்ததன் பலனைத்தான் பார்க்கிறார்கள்.

பெட்டிக்குக் கடையில் கிடைத்த ஆயுள் குறுகியது. ஏறத்தாழ 2 கோடியே 40 லட்சம் விற்றது. 2005 தொடக்கத்தில், தீப்பிடிக்கும் அபாயத்தால் 1 கோடியே 41 லட்சம் மின்கம்பிகளை மாற்றித்தர மைக்ரோசாஃப்ட் முன்வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360 வந்துவிட்டது. 2010 ஏப்ரல் 15 அன்று பழைய பெட்டிக்கான இணையச் சேவையை நிறுத்தினார்கள். ‘ஹாலோ 2’ விளையாடிக்கொண்டிருந்த சிலர் பெட்டியை அணைக்காமல் இணைப்பிலேயே இருந்தார்கள். கடைசி ஆள் விடுபட மே மாதம் ஆயிற்று. இப்போது இன்சிக்னியா என்ற பெயரில் ஆர்வலர்களே அந்தச் சேவையை மறுபடி எழுதி நடத்துகிறார்கள். அதில் சேரவும் பெட்டியை மாற்றியமைத்திருக்க வேண்டும்.

பரணிலிருந்து இறக்கிய பெட்டிக்கு எந்த வழி நல்லது என்பதை அதன் வடிவம்தான் முடிவு செய்கிறது. 1.0 முதல் 1.6 வரை வடிவங்கள் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். முதல் வடிவத்தில் கிராஃபிக்ஸ் சிப்புக்குத் தனி விசிறி உண்டு, பிறகு அதை எடுத்துவிட்டு வெறும் ஹீட்சிங்க் வைத்தார்கள். கடைசி 1.6-இல் செலவைக் குறைக்கப் பலவற்றைப் பிடுங்கினார்கள். மறுபடி எழுதக்கூடிய ஃப்ளாஷ் சிப் அதில் கிடையாது.

யாராக இருந்தாலும் முதலில் சாஃப்ட்மோட் செய்யுங்கள் என்பதே என் கருத்து. எதையும் வெட்ட வேண்டாம், வேண்டாமென்றால் பழைய நிலைக்குத் திரும்பலாம். அதைச் செய்த கையோடு ஈப்ரம் சிப்பில் இருப்பதை நகலெடுத்து இரண்டு இடத்தில் பத்திரப்படுத்த வேண்டும். காரணம், எக்ஸ்பாக்ஸின் ஹார்ட் டிஸ்க் அந்தந்தப் பெட்டிக்கென்ற கடவுச்சொல்லால் பூட்டப்பட்டது. அதற்கான சாவி ஈப்ரமில்தான் இருக்கிறது. இருபது வருட டிஸ்க் எந்த நாளும் நின்றுபோகலாம். நகல் இருந்தால் புது டிஸ்க்கைப் பூட்டி மாட்டலாம், இல்லையென்றால் பூட்டிய பெட்டியின் சாவியைத் தொலைத்த கதைதான்.

சாஃப்ட்மோடின் பலவீனமும் அதுவே: எல்லாம் டிஸ்க்கில் இருக்கிறது. ஆகவே 1.0 முதல் 1.5 வரையிலான பெட்டியும் ஈயம் வைக்கப் பழகிய கையும் இருந்தால், மதர்போர்டிலேயே உள்ள ஃப்ளாஷ் சிப்பில் புது பயாஸை எழுதிவிடுவதை அடுத்த படியாகச் சொல்வேன். குறிப்பிட்ட சில சிறு புள்ளிகளை ஈயத்தால் இணைத்தால் எழுதும் வழி திறக்கும். வெளியிலிருந்து ஒரு பாகமும் வாங்க வேண்டாம், டிஸ்க்கின் பூட்டும் தேவைப்படாது. எழுதும் நடுவில் கரண்ட் போனால் மட்டும் ஆபத்து, ஆகவே யுபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள். 1.6 வைத்திருப்பவர்களுக்கு மோட்சிப்தான் வழி. அதிலும் அறுத்துவிட்ட எல்பிசி தடங்களைக் கம்பியால் மறுபடி கட்ட வேண்டியிருக்கும்.

அதற்கு மேல் செய்பவை தேவையைப் பொறுத்தவை. பழைய ஐடிஇ டிஸ்க்குக்குப் பதில் அடாப்டர் வைத்து சாட்டா டிஸ்க் போடுவது எல்லோருக்கும் நல்லது. கூடவே 80 இழைக் கேபிளையும் மாற்றினால் வேகம் கூடும். 1.6-க்கு முந்தைய மதர்போர்டில் இன்னும் நான்கு நினைவகச் சிப்களுக்குக் காலி இடம் இருப்பதைப் பார்த்து 128 எம்பியாக்க ஆசை வரும். உருவாக்குநர்களின் பெட்டிகளுக்காக விட்ட இடம் அது. சாதாரண விளையாட்டுகள் அந்தக் கூடுதல் நினைவகத்தைத் தொடுவதில்லை. அத்தனை நுண்ணிய கால்களை இணைக்கும் சிரமத்துக்கு அதில் பலன் இல்லை என்றே நினைக்கிறேன். பிராசஸரை மாற்றி 1.4 கிகாஹெர்ட்ஸ் ஆக்கியவர்கள் இருக்கிறார்கள். கைத்திறனைப் பாராட்டலாம், பின்பற்ற வேண்டாம். எச்டிஎம்ஐ பலகை வேறு மாதிரி. இந்தப் பெட்டியால் 480பி, சில விளையாட்டுகளில் 720பி, மிகச் சிலவற்றில் 1080ஐ வரை தர முடியும். அதைத் தெளிவாக இன்றைய டிவிக்குக் கொண்டுபோவது நியாயமான செலவு. எதற்காகவும் வெளிக்கூட்டை வெட்டித் துளையிடாதீர்கள். இனி யாரும் அதை வார்த்துத் தரப்போவதில்லை.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்ந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பாதுகாப்பை உடைப்பதைக் குற்றமாக்குகிறது. சொந்தப் பெட்டியைப் பழுது பார்ப்பதும் தாமே எழுதிய நிரலை ஓட்டுவதும் வேறு, நகல் தட்டு விற்பது வேறு.

அமெரிக்காவிலிருந்து உறவினர் யாராவது கொண்டுவந்த பெட்டியாக இருந்தால், அதன் பவர் சப்ளை 110 வோல்ட்டுக்கு மட்டுமே ஆனது. நம் வீட்டு 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் புகைந்துவிடும், ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம்.

இதையெல்லாம் செய்ய நேரமோ விருப்பமோ இல்லாவிட்டாலும், பழைய எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். 1.6-க்கு முந்தைய எல்லாப் பெட்டியிலும், கடிகாரத்துக்கு மின்சாரம் தேக்கி வைக்கும் ஒரு சிறிய உருளைக் கபாசிட்டர் உண்டு. அது வருடங்கள் ஆக ஆகக் கசிந்து மதர்போர்டின் தடங்களை அரிக்கிறது. அரித்த பெட்டி தானாக இயங்கி அணையும், பிறகு இயங்கவே இயங்காது. மின்கம்பியைக் கழற்றிவிட்டு, அடியில் ரப்பர் கால்களுக்கும் ஸ்டிக்கர்களுக்கும் கீழே மறைந்திருக்கும் ஆறு டி20 திருகுகளை எடுங்கள். பவர் சப்ளையைத் தொடாதீர்கள், அதில் மின்சாரம் தங்கியிருக்கும். டிரைவ்களைத் தூக்கி, அந்தக் கபாசிட்டரை எடுத்துவிட்டு, கசிந்த இடத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். கழற்றத் தெரியாவிட்டால் செல்போன் பழுது பார்க்கும் கடையில் சில நிமிட வேலைதான். அது இல்லாமலும் பெட்டி நன்றாக ஓடும். மின்கம்பியைப் பிடுங்கினால் நேரத்தை மறுபடி வைக்க வேண்டும், அவ்வளவுதான்.