ஒலுவில் துறைமுகம்

இலங்கையின் அம்பாறை மாவட்டக் கரையில், கல்முனைக்குத் தெற்கே நிந்தவூருக்கும் பாலமுனைக்கும் இடையே உள்ள ஒலுவிலில் அமைந்த செயற்கைத் துறைமுகம். வர்த்தகக் கப்பல்களுக்கு ஒன்று, மீன்பிடிப் படகுகளுக்கு ஒன்று என இரு பகுதிகளாகக் கட்டப்பட்டது.

இக்கரை திறந்த வங்கக் கடலை நோக்கிய நேரான மணற்கரை. கப்பல் ஒதுங்க இயற்கையான குடா இல்லை. கல்முனை, சாய்ந்தமருது மீனவர்கள் ஆழ்கடல் படகுகளைக் கரைக்கு எட்டத்தில் நங்கூரமிட்டுவிட்டு, சிறு தோணிகளில் கரையேறுவார்கள். அம்பாறையின் நெல்லும் கொழும்பிலிருந்து வரும் சரக்கும் நெடுந்தூரம் தரைவழியாகவே போய்வந்தன. 1994இல் துறைமுக அமைச்சரான எம்.எச்.எம். அஷ்ரப், இந்தக் குறையைத் தீர்க்கவே ஒலுவிலைத் தெரிந்தார். அதே ஊரில் 1996இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் உருவானதும் அவரது முயற்சியால்தான். 2000 செப்டெம்பர் 16இல் ஹெலிகொப்டர் விபத்தில் அவர் மறைந்தார். துறைமுகம் வரைபடத்தோடு நின்றது.

சுமார் 46 மில்லியன் யூரோ டென்மார்க் கடனுதவியில் 2008இல் வேலை தொடங்கியது. ஒலுவில் மக்களின் காணிகள் எடுக்கப்பட்டன. நட்டஈட்டுக்காக அவர்கள் பல ஆண்டுகள் அலைய நேர்ந்தது. 2013 செப்டெம்பர் 1இல் துறைமுகம் திறக்கப்பட்டது.

கடலுக்குள் நீண்ட கல்லணைகளே பின்வந்த எல்லாவற்றுக்கும் காரணம். கிழக்குக் கரையில் அலைகள் சாய்ந்து மோதுவதால் மணல் கரையோரமாக வடக்கே நகர்ந்துகொண்டிருக்கும். ஓரிடம் இழக்கும் மணலைத் தெற்கிலிருந்து வருவது ஈடுசெய்யும். அணை அந்த ஓட்டத்தை மறித்தது. மணல் தெற்கே சேர்ந்து, அணையின் முனையைச் சுற்றிவந்து வாயிலை அடைத்தது. வடக்கே ஈடு கிடைக்காத கரையைக் கடல் தின்றது. ஒலுவிலிலும் நிந்தவூர்ப் பக்கத்திலும் தென்னந்தோட்டங்களும் மீன்வாடிகளும் போயின. சென்னைத் துறைமுகம் கட்டப்பட்டபின் தெற்கே மெரினா விரிந்ததும், வடக்கே ராயபுரம் அரிக்கப்பட்டதும் இதே விதத்தில்தான். ஒரு நூற்றாண்டுக்கு முன்பே தெரிந்திருந்த பாடம் இது என்பதால், ஒலுவில் மக்களின் இழப்பு தவிர்த்திருக்கக்கூடியதே.

வாயில் அடைபட்டபோது ஆழ்கடல் படகுகள் உள்ளே வரவும் வெளியே போகவும் முடியாமல் தவித்தன. மணலைத் தோண்டுங்கள் என்று மீனவர்கள் கேட்டார்கள். தோண்டினால் கடலரிப்பு இன்னும் கூடும், எடுக்கும் மணலை அரிபட்ட கரையில் கொட்டுங்கள் என்று ஒலுவில் மக்கள் கேட்டார்கள். ஒரே கடலை நம்பிய அயலூர்கள் 2018 அளவில் எதிரெதிரே நின்றன. கரையோரம் கற்கள் போடப்பட்டன, வாயிலும் தோண்டப்பட்டது, மணல் திரும்பவும் சேர்ந்தது. வர்த்தகக் கப்பல் போக்குவரத்து நிலைபெறவே இல்லை.