மூன்று தடவை கட்டிய கோவில்

ஏதென்ஸ் நகரின் அக்ரோபொலிஸ் குன்றில் ஏறும்போது, வலப்புறக் கொத்தளத்தின் மேல் ஒரு சின்னஞ்சிறு கோவில் நிற்கிறது. வெற்றியைத் தருபவளான அத்தீனா நிக்கேக்கு உரியது, கி.மு. 420களில் எழுந்தது. முன்னுக்கு நான்கு தூண், பின்னுக்கு நான்கு தூண். நீளம் 8 மீற்றருக்குச் சற்றே கூட. பார்தெனோனைப் பார்க்க விரைகிறவர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை.

1676 இல் அங்கு வந்த ஸ்போன், வீலர் என்ற பயணிகள் இக்கோவில் நிற்கக் கண்டார்கள். பத்து வருடத்தில் அது இல்லை. வெனீசியப் படையை எதிர்கொள்ள 1686 இல் துருக்கியர் அதைக் கழற்றி, அந்தக் கற்களையும் கொண்டு பீரங்கி அரண் கட்டினார்கள். அழிவுதான். ஆனால் எத்தனையோ பளிங்குகள் சுண்ணாம்புச் சூளைக்குப் போன காலம் அது. அரணுக்குள் அகப்பட்டவை தப்பின.

1835 இல் லுட்விக் ரொஸ், சௌபேர்ட், ஹன்சன் ஆகியோர் அரணை இடித்தபோது கற்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. எந்தக் கல் எங்கே இருந்தது? கிரேக்கர் சாந்து பூசவில்லை. கல்லோடு கல்லை இரும்புக் கவ்வியால் பிணைத்து, துருப்பிடிக்காமல் ஈயம் வார்த்தார்கள். கவ்விக் குழியின் ஒரு பாதி ஒரு கல்லில், மறுபாதி பக்கத்துக் கல்லில். இரண்டும் பொருந்தினால் அவை அயலவர். மேற்கல்லை அலவாங்கால் நெம்பிய குழி, அக்கல்லின் விளிம்பு எங்கே வந்து நின்றதென்று கீழ்க்கல்லில் காட்டிக் கொடுக்கும். என் பார்வையில் எந்தப் பழைய வரைபடத்தையும்விட இது நம்பத்தக்க சாட்சி.

அவர்கள் கோவிலை விரைவாகவே எழுப்பினார்கள். ஆனால் கொத்தளம் தளர்ந்தது. 1935 இல் பலானொஸ் மறுபடி கழற்றினார். 1940 இல் ஓர்லாண்டொஸ் முடித்தார். அடியில் இன்னும் பழைய ஒரு சிறு கோவிலின் எச்சம் கிடைத்தது இந்த வேலையின் பெரிய பலன். ஆனால் அப்போது வைத்த இரும்பு துருவேறிப் பருத்துப் பளிங்கை வெடிக்க வைத்தது. பழையவர்கள் ஈயம் வார்த்த காரணம் அப்போதுதான் நன்றாக விளங்கியது!

2000 முதல் 2010 வரை மூன்றாந்தடவை. இரும்புக்குப் பதில் டைட்டானியம். இடம் மாறியிருந்த கற்கள் தம் இடத்துக்குத் திரும்பின. சிற்பப் பலகைகள் மட்டும் திரும்பவில்லை. சில அங்குள்ள நூதனசாலையில். நான்கு, எல்ஜின் கொண்டுபோனவை, லண்டனில் பிரித்தானிய நூதனசாலையில். கோவிலில் இருப்பவை வார்ப்புகள்.